சுத்தணும், ஆடக் கூடாது: புல்லட் வால்வுக் குறிப்புகள்

பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350இல் டேப்பட் வைக்கும் விதி சின்னது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பில் நிற்க வேண்டும். அந்த நிலையில் இரண்டு புஷ்ராடும் விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் அசைவே தெரியக் கூடாது. சென்னை புதுப்பேட்டையில் இந்த வேலையை எனக்குக் காட்டிக்கொடுத்த மெக்கானிக் பாய் இதையும் சுருக்கிவிடுவார்: "சுத்தணும் தம்பி, ஆடக் கூடாது. அவ்ளோதான் டேப்பட்டு."

எஞ்சினை இந்த ஒரு நிலைக்குக் கொண்டுவர, மேலே வால்வு சீட்டிலிருந்து கீழே லாக் நட் வரை ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தாக வேண்டும். ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்க்கப் போகிறவர்களுக்காக, அப்போதைக்கப்போது எழுதி வைத்தவை இவை.

*

வண்டியைப் பற்றி. 346 சிசி. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. இரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வடிவம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் வண்டி இறங்கத் தொடங்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970இல் மூடப்பட்டபோதும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. அடிப்படையில் அதே எஞ்சின் அதற்குப் பிறகும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு இங்கே வார்க்கப்பட்டது.

அதனால்தான் அறுபதுகளின் வண்டிக்கும் தொண்ணூறுகளின் வண்டிக்கும் டேப்பட் வைக்கும் முறை ஒன்றேதான். அப்பா கற்றதை மகன் அப்படியே பயன்படுத்த முடிந்த எஞ்சின் இது.

*

புல்லட் மெக்கானிக் தனி ஜாதி என்று பேசிக்கொள்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் சாலையில் ஓடிய ராஜ்தூத், மைசூரிலிருந்து வந்த ஜாவா, எஸ்டி, லாம்ப்ரெட்டா, பஜாஜ் சேத்தக் எல்லாமே டூ ஸ்ட்ரோக். அவற்றின் சிலிண்டருக்குத் திறந்து மூடும் வால்வே கிடையாது. பிஸ்டனே துளைகளை அடைத்துத் திறந்துவிடும். ஒரு மெக்கானிக் இருபது ஆண்டு கடை நடத்தி, ஆயிரக்கணக்கான வண்டியைப் பிரித்துச் சேர்த்தும், ஒரு வால்வைக்கூடக் கையில் எடுத்திருக்கத் தேவையில்லை. புல்லட் பக்கம் வந்தவருக்குத்தான் டேப்பட், ராக்கர், கைடு, சீட் என்ற வேறு உலகம். ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சிசி வண்டிகள் எண்பதுகளின் நடுவில் வந்து பரவும்வரை, டூ வீலர் உலகில் இந்த அறிவைக் காத்து வைத்தவர்கள் இவர்கள்தான்.

*

ஆறிய எஞ்சினில் டேப்பட் இடைவெளி பூஜ்யம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். சூடானால் எல்லாம் நீளுமே, வால்வைத் தூக்கிக்கொண்டு நிற்காதா?

நிற்காது. சூடாகும்போது சிலிண்டரும் ஹெட்டும்தான் அதிகம் உயர்கின்றன; ராக்கரை அவை தம்மோடு மேலே தூக்கிப் போகின்றன. அந்த உயரத்துக்கு ஈடுகொடுத்து புஷ்ராடும் நீள வேண்டும். ஆனால் அது இருக்கும் சுரங்கம் சிலிண்டர் சுவரைவிடக் குளுமையானது. அதனால்தான் அதை அலுமினியக் கலவையில் செய்து முனைகளுக்கு மட்டும் எஃகு வைத்தார்கள். 200 மி.மீ. நீள அலுமினியம் 50 டிகிரி சூடேறினால் சுமார் 0.23 மி.மீ. நீளும். எஃகு அதில் பாதிதான் நீளும். குறைந்த சூட்டிலும் எட்டிப் பிடிக்கக்கூடிய உலோகம் என்பதால் அலுமினியம். அப்படியும் சூட்டில் இடைவெளி ஒரு துளி கூடவே செய்யும், குறையாது. எனவே ஆறியபோது பூஜ்யம் என்பது ஓடும்போது சரியான இடைவெளி.

சூடான எஞ்சினில் இதே பூஜ்யத்தை வைத்தால் கதையே மாறும். இரவு ஆறியதும் சிலிண்டர் இறங்கும், புஷ்ராடு இறுகும், காலையில் கிக்கர் பஞ்சு போல் இறங்கும். ஓடி வந்த வண்டியில் டேப்பட் வைக்காதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் விட்டுவிட்டு மறுநாள் காலை வாருங்கள்.

*

கழற்றும்போது. ஒரு முட்டை அட்டை போதும். இன்லெட் பக்கம், எக்ஸாஸ்ட் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டு, அந்தந்தப் பக்கத்து வால்வு, ஸ்பிரிங், கப், லாக், ராக்கர், புஷ்ராடு எல்லாவற்றையும் அதனதன் குழியில் வையுங்கள். பல ஆயிரம் கி.மீ. சேர்ந்து தேய்ந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று அறிந்தவை. இடம் மாற்றிப் போட்டால் மறுபடி முதலிலிருந்து தேயத் தொடங்கும்.

ராக்கரைத் தாங்கும் பிளாக் இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். அந்த இரண்டு பாதியும் சேர்த்து வைத்துத் துளையிடப்பட்டவை. ஜோடி மாறினால் ராக்கர் இறுகும் அல்லது ஆடும். தெருவில் சில்லறையாகக் கிடைக்கும் ஒற்றைப் பாதியை வாங்கிச் சேர்க்க முயல வேண்டாம்.

ஹெட் நட்டுகளில் புஷ்ராடு சுரங்கத்துக்குள் ஒளிந்திருப்பதை மறக்க வேண்டாம். எல்லாம் கழற்றியாயிற்று என்று நினைத்து ஹெட்டை நெம்பினால் உடைவது ஃபின்தான்.

*

எக்ஸாஸ்ட் வால்வைக் கையில் எடுத்ததும் அதன் முகத்தைப் பாருங்கள். ஓடும்போது அதன் தலை 700 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி வெளியேறும் வழி, வால்வு மூடி சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே. மிச்சம் தண்டு வழியாகக் கைடுக்குப் போகும். 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் சீட்டில் முழுசாக உட்கார்ந்து எழுந்தால்தான் அது பிழைக்கும். டேப்பட் இறுகி, வால்வு ஒரு மயிரிழை தூக்கியே நின்றால் சூடு போக வழியில்லை. எரியும் வாயு அந்தச் சந்தில் பீறிட்டு விளிம்பை அரித்துவிடும். விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் வெளுத்த கோடோ, சின்னப் பிளவோ தெரிந்தால் அது இப்படி எரிந்த வால்வு. அதைத் தேய்த்துக் காப்பாற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும் இடத்தில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள். அதிகச் சூட்டைத் தாங்கும் எக்ஸாஸ்ட் வால்வு எஃகு பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. இன்லெட் வால்வு ஒட்டும். சில எக்ஸாஸ்ட் வால்வுகளில் தண்டு மட்டும் ஒட்டும் வகை எஃகாக இருக்கும், அதனால் தலையில் வைத்துப் பாருங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் கவுண்டருக்கு முன் நின்றே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

*

கைடு சரியா என்று பார்க்காமல் சீட்டைத் தொடாதீர்கள். வால்வைச் சற்றே தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கையில் தெளிவாகத் தட்டுப்பட்டால் கைடு போய்விட்டது. ஆடும் கைடில் நீங்கள் எவ்வளவு தேய்த்தாலும் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். கைடு மாற்றினால் சீட்டை மறுபடி 45 டிகிரியில் வெட்ட வேண்டும், ஏனென்றால் புதுக் கைடின் மையம் பழையதோடு துல்லியமாக ஒத்துப்போகாது. இது லேத்துப் பட்டறை வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

*

வால்வு கிரைண்டிங், கிட்ட இருந்து பார்த்தது.

பாய் முதலில் தண்டில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவுவார். கிரைண்டிங் பேஸ்ட் கைடுக்குள் இறங்காமலிருக்க அது ஒரு காவல். பிறகு வால்வின் சரிந்த விளிம்பில் மூன்று நான்கு இடத்தில் மட்டும் கடுகளவு பேஸ்ட். ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வுத் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மத்து கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டுவார். முழுச் சுற்று சுற்றுவதில்லை. அப்படிச் சுற்றினால் வட்ட வட்டமாகக் கோடு விழும். சில உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்று தள்ளி வைத்து, மறுபடி.

முதலில் கரகரவென்று சத்தம் வரும். போகப் போக அது சரசரவென்று குறையும். அந்த மாற்றத்தைக் காது பிடித்ததும் நிறுத்திவிட்டுத் துடைத்துப் பார்ப்பார். விளிம்பைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே அகலமான வளையம், எங்கேயும் அறுபடாமல் இருக்க வேண்டும். அகலம் ஒன்றரை மி.மீ. போல இருந்தால் நல்லது. அதற்குமேல் அகன்றால் அழுத்தம் பரவிப்போய் கார்பன் அடைய இடம் கொடுக்கும். ரொம்பக் குறுகினால் சூடு இறங்க வழி குறையும்.

வளையத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சினால் பேஸ்ட்டைக் கூட்டிக்கொண்டே போவது தவறு. குழிகளை அழிப்பதற்குள் வால்வு சீட்டுக்குள் புதைந்துவிடும். அதற்குக் கட்டர்தான் மருந்து. கிரைண்டிங் கடைசி மெருகு மட்டுமே.

முடிந்ததும் பேஸ்ட்டின் சுவடே இல்லாமல் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை, கைடுக்குள் துணி விட்டு ஒருமுறை. மிஞ்சும் ஒரு துளி பேஸ்ட் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரைத்துத் தள்ளும்.

*

பெட்ரோல் சோதனை. ஸ்பிரிங் மாட்டி வால்வை ஏற்றிய பிறகு ஹெட்டைச் சாய்த்து, இன்லெட் துளைக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுங்கள். உள்பக்கம் வால்வு ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸாஸ்ட். சில நிமிடம் வறண்டே இருந்தால் வேலை தேறியது. பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

*

வால்வு லாக் இரண்டு பாதியும் நகத்தளவுதான் இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும்போது நழுவி ஓடாமலிருக்க, தண்டின் காடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி அதில் ஒட்டி வையுங்கள். ஸ்பிரிங்கை விட்ட பிறகு தண்டு முனையில் மரச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. லாக் சரியாக உட்காரவில்லை என்றால் அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும். ஓடும் எஞ்சினில் தெரிந்தால் வால்வு பிஸ்டன்மேல் விழுந்திருக்கும்.

பழைய ஸ்பிரிங்கைப் புதியதோடு அருகருகே நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

*

ஹெட்டை இறக்கும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். புது ஹெட் பேக்கிங் முதல் சூட்டில் அமுங்கும். அமுங்கினால் ஹெட் இறங்கும், ராக்கரும் இறங்கும், டேப்பட் இறுகும். எனவே முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு நட்டை மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகே டேப்பட்டை மறுபடி பார்க்க வேண்டும். சில நூறு கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. மிக நன்றாக வேலை பார்த்த வால்வுகள்கூடக் கருகுவது இந்த இரண்டாம் பார்வையை விட்டுவிடுவதால்தான்.

ராக்கரை மூடுமுன் பிளாக்குக்குள் கையாலேயே எண்ணெய் விடுங்கள். பம்ப்பிலிருந்து வெளிக்குழாய் வழியாக மேலே எண்ணெய் ஏறிவரக் கொஞ்ச நேரமாகும். ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டில் குழாய் சேரும் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

*

கம்ப்ரஷன் டாப் கண்டுபிடிக்க. பிளக்கைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுங்கள். வலப்பக்கம் சிலிண்டர் அடியில் டேப்பட் கவரைத் திறந்திருப்பீர்கள். இன்லெட் புஷ்ராடு ஏறி இறங்குவதைப் பாருங்கள். இறங்கிய பிறகு பிஸ்டன் மேலே வருவதுதான் கம்ப்ரஷன்.

இன்னொரு வழி ஓட்டுபவர்களுக்கே தெரியும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் ஆம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்து, பாயின்ட் விலகும் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் டாப்பை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வண்டியை உதைப்பதற்கு முன் எல்லோரும் பார்க்கும் அதே முள், டேப்பட்டுக்கும் வழிகாட்டும். துல்லியமாக டாப்பில் இல்லாமல் சற்றுத் தள்ளி நின்றாலும் பாதகமில்லை. அங்கே இரண்டு கேமும் தம் தாழ்ந்த முதுகையே காட்டிக்கொண்டிருக்கும்.

*

டேப்பட் வைப்பது, கிட்ட இருந்து பார்த்தது.

கவருக்குள் ஒவ்வொரு புஷ்ராடு அடியிலும் அடுக்காக அறுகோணங்கள். மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும். சாதாரண ஸ்பேனர் உள்ளே நுழையாது, நுழைந்தாலும் இரண்டு நட்டைச் சேர்த்துப் பிடித்துவிடும். லாக் நட்டைத் தளர்த்தி, முதலில் புஷ்ராடைச் சுற்றவே முடியாதபடி இறுக்கச் சொன்னார் பாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொன்னார். ஒரு இடத்தில் ராடு விரலுக்கு இணங்கிச் சுற்றத் தொடங்கியது.

"அங்கயே நில்லு. இப்ப லாக் நட்டை இறுக்கு."

இறுக்கியதும் ராடு மறுபடி பிடித்துக்கொண்டது. லாக் நட் இழுக்கும்போது மரையில் இருக்கும் சின்னத் தளர்வு எல்லாம் ஒரு பக்கம் போய்விடுகிறது. அதனால் அந்த அளவை முன்கூட்டியே விட்டு வைத்துத்தான் நிறுத்த வேண்டும். எவ்வளவு என்று அவர் எண்ணில் சொல்லவில்லை. இறுக்கி, சுற்றிப் பார்த்து, தளர்த்தி, மறுபடி வைத்துக் காட்டினார். லாக் நட் இறுகிய பிறகு கிடைக்கும் தீர்ப்பே தீர்ப்பு. அதற்கு முன் கிடைத்தது கணக்கில் சேராது.

"முழுசா ஒரு சுத்து சுத்திப் பாரு தம்பி. பாதியோட விடாத."

இந்த முழுச் சுற்றுக்குப் பொருள் உண்டு. ராடு வளைந்திருந்தால் ஒரு பக்கம் எளிதாகச் சுற்றி இன்னொரு பக்கம் இறுகும். அப்படி இருந்தால் டேப்பட்டில் குற்றமில்லை, ராடை மாற்ற வேண்டும்.

*

டிகம்ப்ரசர் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். கேபிள் இழுத்துக்கொண்டு நின்றால் டிகம்ப்ரசரின் சின்ன வால்வு சற்றே திறந்திருக்கும், கம்ப்ரஷன் இறங்கும். வால்வு வேலையெல்லாம் முடித்தும் கிக்கர் லேசாகவே இருக்கிறது என்று ஹெட்டை மறுபடி பிரிக்கும் முன், இந்தக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள்.

*

ராக்கர் முனையிலேயே திருகு வைத்த மற்ற வண்டிகளுக்கு ஒரு வரி. அங்கே ஃபீலர் கேஜ்தான் அளவு. ஆனால் வால்வுத் தண்டைத் தட்டித் தட்டித் திருகின் முனையில் சின்னக் குழி விழுந்திருந்தால், கேஜ் தகடு குழிக்கு மேல் பாலமாகக் கிடக்கும். தகடு சரியாகப் போகிறது என்று காட்டும், உண்மை இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். குழி விழுந்த திருகை மாற்றாமல் அளவெடுப்பது வீண்.

*

சத்தம் பற்றி. டேப்பட் கொஞ்சம் தளர்ந்தால் டக் டக் என்று கேட்கும். காதுக்குக் கேட்பதால் எல்லோரும் அதைப் பார்த்தே பயப்படுகிறார்கள். இறுக்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்டபடியே இறுக்கித் தரும் கடைகளும் உண்டு. அதனால் எரிந்த வால்வுகள் ஏராளம்.

தளர்ந்த டேப்பட் தானே வந்து சொல்லிவிடும். இறுகிய டேப்பட் சொல்லாது. வால்வு ஓட ஓட சீட்டுக்குள் சிறுகச் சிறுகப் புதையும்போது தண்டு மேலே வரும், இடைவெளி குறையும், எஞ்சின் முன்பைவிட அமைதியாகும். ஓட்டுபவர் வண்டி நன்றாகப் பழகிவிட்டது என்று மகிழ்வார். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அதன் படிவம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய காப்பாக இருந்தது. 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்தப் பெட்ரோல் நின்றது. மென்மையான பழைய சீட் உள்ள ஹெட்டுகளில் இந்தப் புதைவை அதன்பின் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அமைதியைக் கேட்டு டேப்பட் வைக்கக் கூடாது. புஷ்ராடு சுற்றுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். காது எச்சரிக்கை கொடுக்கலாம், முடிவு விரலுடையது.

*

இரும்பு எஞ்சினுக்குப் பின் வந்த யூசிஇ எஞ்சின் புல்லட்டில் ஹைட்ராலிக் டேப்பட். எண்ணெய் அழுத்தமே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். திறந்து பார்க்கும் வேலை இல்லை. ஓட்டுபவருக்கு அது நல்லதுதான். ஆனால் இரும்பு எஞ்சின் வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன, அவற்றை விரலால் அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் கடை வைத்திருந்தால், வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ராடை உங்கள் விரலாலும் ஒருமுறை சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்.

*

கடைசியாக, ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை டேப்பட் பார்க்கும்போதும் தேதி, கி.மீ., இன்லெட்டா எக்ஸாஸ்ட்டா, தளர்த்தினீர்களா இறுக்கினீர்களா என்று நான்கே விவரம். ஒரு முறை எழுதியதில் ஒன்றும் தெரியாது. வரிசையாகப் படித்தால் எஞ்சினின் உள்ளே நடப்பது தெரியும். எக்ஸாஸ்ட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் தளர்த்தவே வேண்டியிருக்கிறது என்றால் சீட் புதைகிறது. அடுத்த மழைக்காலத்தில் ஹெட்டைக் கழற்றத் திட்டமிடுங்கள். ஒரு பக்கத்தை ஒவ்வொரு முறையும் இறுக்க வேண்டியிருக்கிறது என்றால் கேமோ, டேப்பட் அடியோ, ராக்கர் முனையோ தேய்கிறது. எண்ணெய் மேலே போகிறதா என்று முதலில் பாருங்கள். எதையும் தொட வேண்டியிருக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அதுதான் ஆரோக்கியமான எஞ்சினின் சான்று. வண்டியை விற்கும் நாள் வந்தால் ஆர்சி புத்தகத்தோடு இந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவருக்கு வண்டியின் பெயிண்டைவிட இது பயன்படும்.